நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் கேம் ஓடுமா

பாப்பா,

நீ அனுப்பிய அந்தச் சின்னச் சோதனைப் புரோகிராமை இன்று காலை வரை பன்னிரண்டு நாள் ஓட்டாமல் வைத்திருந்தேன். முதல் முறை நீ கேட்டபோது கரண்ட் இல்லை என்றேன். அடுத்த முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த முறை, உன் அம்மா செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறாள், பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும் என்றேன். பாஸ்வேர்டு உன் பெயரும் நீ பிறந்த வருடமும்தான். அது தெரியாதவர்கள் இந்தத் தெருவிலேயே இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளைகளை முப்பத்திரண்டு வருடம் பார்த்தவன் நான். அவர்களில் யாரும் இத்தனை மோசமாகப் பொய் சொன்னதில்லை.

நீ கேட்டது என்னவோ எளிய கேள்வி. புனேயில் நீ வேலை பார்க்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் பதினோரு பேர் சேர்ந்து நான்கு வருடமாகச் செய்த கேம், வருகிற வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. பழைய கம்ப்யூட்டர்களிலும் அது திணறாமல் ஓடும்படி செய்வது உன் வேலை. "நம்ம வூட்டு மிஷின்ல ஓடுமான்னு பாத்துச் சொல்லுங்கப்பா. ஒரு தட்டு தட்டினா போதும், உள்ள இன்னா கீதுன்னு அதுவே பாத்து பாஸா ஃபெயிலான்னு சொல்லிடும்," என்றாய். கேமுக்கு இரண்டு பட்டியல் போட்டிருப்பதாகவும் சொன்னாய். ஓடுவதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று ஒன்று, நன்றாக ஓட என்ன வேண்டும் என்று இன்னொன்று. முதலாவது முப்பத்தைந்து மார்க், இரண்டாவது சென்டம், அப்படித்தானே என்று கேட்டேன். "அதேதாம்ப்பா," என்று சிரித்தாய்.

பிறகு நீயாகவே சொன்னாய். "அந்த முப்பத்தஞ்சு மார்க்குக்கு இன்னா கார்டு வெச்சிருக்கோம் தெரியுமா? மாமா வாங்கிக் குடுத்தாரே, அதேதான். அதுல ஓடியே ஆவணும்னு ஆபீஸ்ல சண்ட போட்டு வாங்கினேன். அது மட்டும் எரியாம இருந்திருந்தா நம்ம வூட்லயே ஓடியிருக்கும். சரி, கார்டு இல்லாம எவ்ளோ தூரம் போவுதுன்னாவது பாக்கலாம்."

அன்று போனை வைத்த பிறகு நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை முறை நடந்திருப்பேன் என்று தெரியாது. உன் அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்காமலே, "இன்னா, இன்னிக்கு வாத்தியாருக்கு பரிட்சையா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

அந்தக் கார்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. உன் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சீர் வைக்கப் படாளத்திலிருந்து உன் மாமா வர வேண்டும். என்ன வேண்டும் என்று அவர் போனில் கேட்டதற்கு, நீ பட்டுப்பாவாடை கேட்கவில்லை, கொலுசு கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்த எண்ணை எழுத்து எழுத்தாக வாசித்தாய். லோடு வண்டி ஓட்டுகிற மனிதர் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தார். விழா அன்று ஒரு தட்டில் புடவை, ஒரு தட்டில் வளையல், ஒரு தட்டில் பழம். நடுத்தட்டில் கிராஃபிக்ஸ் கார்டு, பெட்டியோடு, சந்தனப் பொட்டு வைத்து. உன் பெரியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, மிக்ஸியா?" என்றாள். "மிக்ஸி மாதிரிதாங்க்கா, உள்ள ஃபேன் சுத்தும்," என்றார் மாமா. "அப்போ அரைக்குமா?" "ஒன் தலையத்தான் அரைக்கும், அந்தாண்ட போ." பந்தலே சிரித்தது. மணையில் உட்கார்ந்திருந்த நீ மட்டும் சிரிக்காமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரையில் தெரிகிற படங்களை வரைவதற்கென்றே தனியாக இருக்கும் பலகை அது என்று நீ எனக்கு விளக்கினாய். கம்ப்யூட்டரின் மூளை தலைமை ஆசிரியர் என்றால் இது டிராயிங் மாஸ்டர் என்று நான் புரிந்துகொண்டேன். டிராயிங் மாஸ்டர் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் நடக்கும். சுவரில் படம் இருக்காது, அவ்வளவுதான். அந்த உவமைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே உவமைதான் பிறகு எனக்குத் துணிச்சலும் கொடுத்தது.

நீ பிளஸ் டூ வந்தாய். செங்கல்பட்டில் எங்கள் ஆசிரியர் அறையில் யார் பிள்ளை எவ்வளவு எடுப்பான் என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. "உங்க பொண்ணு எப்படி சார், ரெண்டு சென்டமாவது வருமா?" என்று கேட்பார்கள். நீ சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த மெஷினில் உட்காருவாய். பாதி நேரம் ஆட மாட்டாய், கேமின் உள்ளே எதையோ மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இன்றைக்கு நினைத்தால் அதை ஒரு காரணம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என்னிடம் வந்து நீ, "அப்பா, பரிட்சை முடியற வரைக்கும் கார்டைக் கழட்டி வெச்சிடுங்க," என்று சொல்லக்கூடிய பெண்தான். நானும் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மூன்று மாதம் வேண்டாம் பாப்பா," என்று சொல்லியிருக்கலாம். நீ கோபப்பட்டிருப்பாய், ஒரு வேளை சோறு சாப்பிட்டிருக்க மாட்டாய், பிறகு சரியாகியிருக்கும். அந்த ஒரு வேளை கோபத்துக்குப் பயந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக வீடு திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். மாமல்லபுரத்தில் உப்புக் காற்று தின்னாத பொருள் ஏது? நம் ஜன்னல் கம்பியைத் தின்றது, குழாயைத் தின்றது, என் சைக்கிள் மட்கார்டைத் தின்றது. ஒரு கார்டைத் தின்றதென்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வேறு ஊரில் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பொய் கிடைத்திருக்காது.

நீ ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். கார்டை விடைத்தாள் கட்டும் பழுப்பு உறையில் போட்டு, பீரோவில் என் சர்வீஸ் பேப்பர்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நீ வந்ததும், "எரிஞ்சுபோச்சும்மா, உப்புக் காத்து, தூக்கிப் போட்டுட்டேன்," என்றேன். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழுகைக்கு என்ன சொல்வதென்று தயாராகவும் இருந்தேன். நீ அழவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கிழக்கு ஜன்னலைப் பார்த்தாய். "நான்தாம்ப்பா அதத் தொறந்து வெச்சிகினே இருந்தேன்," என்றாய்.

அதற்கு நான் தயாராக இல்லை. அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த ஜன்னல் மூடியிருந்தது. சட்டத்தின் இடுக்குகளில் நியூஸ் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தாய். அந்தக் கோடை முழுவதும், பரிட்சைக்குப் படித்த நாளெல்லாம், கடற்கரை ஊரில் கடல் காற்று வராத அறையில் உட்கார்ந்து வேர்த்தாய். உன் அம்மா விசிறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். பீரோச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. நீ மாமாவுக்குப் போன் செய்தாய். நான் கூடத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். "மாமா, நீங்க வெச்ச சீர நான் ஒழுங்கா பாத்துக்கல மாமா, மன்னிச்சிக்கோங்க," என்று சொன்னாய். அவர் வேறு வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "வேணாம் மாமா, இங்க வெச்சா மறுபடியும் கடல் தின்னுடும்," என்றாய். நான் கையிலிருந்த சிவப்புப் பேனாவால் ஒரு விடைத்தாளின் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். அந்தத் தப்பைத் திருத்தினேன்.

பள்ளியில் நீ முதலாவதாக வந்தபோது, நான் செய்தது பலித்தது என்று நினைத்துக்கொண்டேன். கணக்கில் விடை சரியாக இருந்தாலும் வழி தவறாக இருந்தால் மார்க் போடாத வாத்தியார் நான். எனக்கு மட்டும் முழு மார்க் போட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள் உன் பழைய சான்றிதழ்களை அடுக்கும்போது அரையாண்டுத் தேர்வு அட்டை கிடைத்தது. கார்டு இருந்தபோது நீ எடுத்த மதிப்பெண்ணும் கார்டு போன பிறகு எடுத்ததும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அந்த ஒரு மணி நேரம் உன்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவன் நான் மட்டும்தான்.

போன திங்கட்கிழமை, நீ நான்காவது முறை கேட்ட பிறகு, சிபியு பெட்டியையும் பழுப்பு உறையையும் ஆட்டோவில் வைத்து ஏழுமலை கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். செங்கல்பட்டில் என்னிடம் பத்தாவது படித்தவன், இப்போது நாற்பது தாண்டிவிட்டான். என் திட்டம் இதுதான். கார்டை மாட்டிவிட வேண்டும். உன் கேம் பாஸாகிவிடும். "எப்படிப்பா?" என்று நீ கேட்கும்போது, "எங்கேயோ பழைய கார்டு கிடைத்தது," என்று சொல்லிவிட வேண்டும். ஆமாம், இன்னொரு பொய். அறுபத்தாறு வயதில் அதுதான் எனக்குத் தோன்றியது.

ஏழுமலை பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தான். நம் தெருவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கல் அறுக்கிறார்களே, அந்தத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. "சார், இத்த வெச்சி ஒரு புள்ளையார செஞ்சிடலாம் போல கீதே," என்றான். பெட்டியின் முன்பக்கம் காற்றுப் போகும் ஓட்டைகளில், வருடா வருடம் ஆயுத பூஜைக்கு உன் அம்மா வைத்த சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. "மூச்சு வுடற எடமா பாத்துப் பூசிகீறீங்களே சார், பாவம் அது." எல்லாவற்றையும் ஊதித் துடைத்தான். பிறகு உறையிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எங்க சார் இருந்திச்சி?"

"பீரோவில்."

"எத்தினி வருசமா?"

"ஒன்பது."

கார்டின் ஓரத்தில் மஞ்சளாக மின்ன வேண்டிய பற்களில் பச்சையாகப் பூத்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்துத் தேய்த்தான். நான் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை பிடுங்கி வைத்த அதே ரப்பர். மாட்டி, சுவிட்சைப் போட்டான். ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றினான், தேய்த்தான், மாட்டினான். மூன்று முறை. "போயிட்டுது சார். உப்பு உள்ள பூந்துகிச்சி."

"எரிந்துவிட்டதா?"

"எரியல சார். ஓடிகினே இருந்திருந்தா அந்த சூட்டுக்கு ஈரம் நிக்காது, நல்லாருந்திருக்கும். சும்மா பூட்டி வெச்சதாலதான் போச்சி. யாரு சார் இத்தக் கழட்டினது? நல்ல கார்டு சார்."

பழசு, யாரோ கழற்றினார்கள் என்று எதையோ சொல்லி, பெட்டியை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உறையோடு எழுந்து வந்தேன்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் என் நடை லேசாக இருந்தது. நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. கார்டை உப்பு தின்றுவிட்டது. இனி யார் திறந்து பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள். உறையோடு குப்பையில் போட்டுவிட்டால் முடிந்தது. சிற்பக் கூடங்களைத் தாண்டி வரும்போது, ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் தைரியமாகச் சொன்னேன்: "ஓடாது பாப்பா. அந்தக் கார்டுதான் போய்விட்டதே."

"தெரியும்ப்பா," என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "எல்லாம் என்னாலதான். நான் ஜன்னலத் தொறந்து போட்ட கதய ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிகீறேன். புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கும் மொதல்ல அதத்தான் சொன்னேன். ஒருத்தர் கவனிக்காம வுட்டதுல ஒரு வூட்ல கேமே இல்லாமப் போச்சி, அந்த மாதிரி வூட்லயும் நம்ம கேம் ஓடணும்னு. நான் இந்த வேலைக்கு வந்ததே அதனாலதான்னு வெச்சிக்கோங்களேன்."

நான் ஏதோ சொல்லி போனை வைத்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கும் சொல்லல," என்றாள். "என் தம்பி வெச்ச சீரு அது. ஒம்போது வருசமா வாய மூடிகினு கீறேன். அந்தப் பொண்ணு இன்னும் தன்னையே திட்டிக்கினு கீது. நீங்க தோச துன்னுகினு கீறீங்க."

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். நேற்று காலை பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து படாளம் போனேன். சீர் வைத்தவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. உன் மாமா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க மாமா, இன்னா திடீர்னு," என்று எழுந்து கை துடைத்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார். "அன்னிக்கு அவ போன்ல பேசறப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். கூடத்தில் என்றேன். "கேட்டுகினேதான் இருந்தீங்களா?" கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சாப்ட்டுட்டுப் போங்க," என்றார். அப்புறம், "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது மாமா. அவகிட்ட சொல்லுங்க," என்றார்.

பாப்பா, உனக்குக் கீழே இப்போது இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். நாளைக்கு இன்னும் பலர் வருவார்கள். நீயும் யாரையாவது எதிலிருந்தாவது தடுக்க வேண்டி வரும். தடுக்கும்போது முகத்துக்கு நேரே தடு. அவர்கள் உன்மேல் கோபப்படட்டும். கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தால் அது ஒருநாள் வந்து கதவைத் தட்டி, பேசி, தீர்ந்துவிடும். நான் காற்றின்மேல் பழியைப் போட்டேன். காற்றின்மேல் யாரால் கோபப்பட முடியும்? நீ சுற்றிப் பார்த்தாய், உன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. தண்டனை கொடுத்த வாத்தியார்களைப் பிள்ளைகள் மன்னித்துப் பார்த்திருக்கிறேன். தன் குற்றம் என்று நம்பவைத்தவரை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியாது. அதற்கு உதாரணம் தேடிப் பார்த்தேன். என்னிடம் இல்லை.

இதைப் போனில் சொல்லத்தான் பலமுறை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் பொய் தானாக வருகிறது; அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய புரோகிராமை இன்று காலை ஓட்டினேன். ஃபெயில் என்று சிவப்பில் வந்தது. நீ புதுக் கம்ப்யூட்டர் அனுப்புவதாகப் போன மாதம் சொன்னபோது வேண்டாம் என்றேனே, அது சிக்கனமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. பழையதை எடுத்துப்போகிறவன் திறந்து பார்த்து, உள்ளே உப்பு எதையும் தின்னவில்லையே என்று கேட்பானோ என்ற பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பதை இதைப் படித்த பிறகு நீ முடிவு செய். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை என்றால் கூப்பிடாதே. அம்மாவைக் கூப்பிடு, அவள் உனக்கு எதுவும் செய்யவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததைத் தவிர.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, நீ சொன்ன கதை தப்பு என்று சொல்லிவிடு. நீ கவனமாகத்தான் இருந்தாய். கார்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் எத்தனை அகலமாகத் திறந்திருந்தாலும் இன்றுவரை ஓடியிருக்கும், உன் கேமும் இந்த வீட்டில் பாஸாகியிருக்கும். அதைக் கழற்றியது உன் அப்பா. பெயரைச் சொல்லியே சொல்.

அப்பா